மணியை தோணி ஆக்குன கதை: வளர்ந்த நாய்க்குப் பேரு மாத்துறது எப்படி

எங்க வீட்டுக்கு வந்த நாயோட பேரு மணி. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, தமிழ்நாட்டுல பாதி நாய்க்கு அதான் பேரு, ஆனா எங்க பக்கத்து வீட்டுப் பெரியப்பா பேரும் மணி. வந்த ரெண்டாவது நாள் காலைல அடுப்படில இருந்து எங்கம்மா "ஏய் மணி, சனியனே, சட்டிய நக்காத, வெளிய போ"ன்னு ஒரு சத்தம் போட்டுச்சு, திண்ணைல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்த பெரியப்பா பேப்பரை நாலா மடிச்சு வச்சுட்டு ஒண்ணுமே பேசாம எந்திரிச்சு உள்ள போனாக பாருங்க, அன்னைக்கே முடிவு பண்ணியாச்சு, பேரை மாத்திடணும்னு.

நாயி எங்க மச்சானோடது. தங்கச்சிமடத்துல மூணு வருஷம் வளர்த்தாப்ல, துபாய்ல வேலை கிடைச்சதும் பாம்பன் பாலம் தாண்டி வேதாளைல எங்க வீட்டுல கொண்டாந்து விட்டுட்டு பிளைட் ஏறிட்டாப்ல. ராமநாதபுரம் மண்டைங்கிற நாட்டு நாய் ஜாடை இருக்குன்னு மச்சான் பெருமையா சொல்லுவாப்ல, எனக்கென்னமோ மண்டை மட்டும்தான் பெருசா தெரியுது.

மூணு வயசு நாய்க்குப் பேரு மாத்துனா பாவம் குழம்பிடாதான்னு கேக்காதவங்க கிடையாது. குழம்பாது. நம்ம பேரு நமக்கு மாதிரி அதுக்கு அதோட பேரு கிடையாது, நான்தான் மணின்னு அது நினைச்சுக்கிட்டு இருக்கல. அதுக்கு அது ஒரு சத்தம். அந்தச் சத்தம் வந்தா யாரோ நம்மள பாக்குறாங்க, அடுத்து ஏதோ நடக்கப் போகுது, அம்புட்டுதான். சோத்துச் சட்டி மூடிச் சத்தமும், மீன்காரர் எக்ஸெல் வண்டி ஹாரனும் எப்படிப் பழகுச்சோ அப்படித்தான் பேரும் பழகுது, அதனால புதுச் சத்தம் ஒண்ணைப் பழக்குறது பெரிய வித்தை இல்ல. கஷ்டம் எங்கன்னா நம்ம வாய்ல. நாய் ஒரு வாரம் பத்து நாள்ல மாறிடும், வீட்டுல இருக்குறவங்க மாறத்தான் மாசக்கணக்காகும், அதப் பின்னாடி சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு, நாய் வந்த அன்னைக்கே ஆரம்பிக்காதீங்க. இடம் புதுசு, ஆளு புதுசு, கொல்லைப்புறத்து வாசனை புதுசு, எங்க போய் ஒண்ணுக்குப் போறதுன்னே அதுக்குத் தெரியாது. சாப்பாடு ஒழுங்கா எடுத்து, வாலை ஆட்டிக்கிட்டு உங்க பின்னாடி வர ஆரம்பிக்கிற வரைக்கும் ஒரு மூணு நாலு நாளு விட்டுருங்க. அந்த நாள்ல பழைய பேரையும் தேவையில்லாம சொல்லாதீங்க.

அந்த நேரத்துல பேரைத் தேர்ந்தெடுங்க, இதுல தான் நிறைய பேரு சொதப்புறாங்க, நானும் சொதப்புனேன். ரெண்டு எழுத்து, மிஞ்சிப்போனா மூணு எழுத்து. பெருசா வச்சா எப்படியும் நீங்களே சுருக்கிடுவீங்க. அடுத்து, வீட்டுல தினம் புழங்குற சொல்லு எதுவும் பேருக்குள்ள ஒளிஞ்சிருக்கக் கூடாது. நம்ம நாய்ங்களுக்கு யாரும் சிட், ஸ்டேன்னு சொல்லிக் குடுக்கல, அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் வா, போ, இந்தா, ச்சீ, இது நாலுதான். போலோன்னு வச்சா பாதி பேரு "போ", சீசர்னு வச்சா பாதி பேரு "ச்சீ", நீங்க ஆசையாக் கூப்பிட அது பயந்து ஒதுங்கும். தெருவுல கேக்குற கூவலும் ஆகாது. தங்கச்சி கூடப் படிக்கிற புள்ள வீட்டுல பொட்டை நாய்க்கு மீனுன்னு பேரு, தினம் வெள்ளன மீன்காரரு "மீனே... மீனு"ன்னு வரும்போது அது கேட்டைத் தாண்டி ஓடி அவரு வண்டி முன்னாடி உக்காந்திரும், அவருக்குத் தினம் ஒரு சூடை மீனு நட்டம். மனுஷங்க பேரு வேணாம்னு நான் சொல்லவே வேண்டியதில்ல. சாமி பேரும் வேணாங்க, எங்க பக்கம் கோயிலு, தர்கா, சர்ச்சு எல்லாம் அடுத்தடுத்து இருக்குற ஊரு, நீங்க வெள்ளந்தியாத்தான் வச்சிருப்பீங்க, தெருவுல நின்னு அதட்டும்போது அது வேற மாதிரி போய்ச் சேரும்.

நான் பண்ணுன தப்பு என்னன்னா, நெத்தியில வெள்ளையா ஒரு புள்ளி இருக்குன்னு தங்கச்சி பொட்டுன்னு வச்சா, அழகா இருக்கேன்னு நானும் விட்டுட்டேன். வீட்டுக்குள்ள நல்லாத்தான் போச்சு. கடக்கரைல ஆடிக் காத்துல முப்பதடி தள்ளி நின்னு கூப்பிட்டா பின்பாதிய காத்து தூக்கிட்டுப் போயிடுது, அதுக்குக் காதுல விழுந்தது "பொ" மட்டும்தான் போல, நின்னு என்னைய ஒரு பார்வை பாத்துட்டு வாலைத் தொங்கப் போட்டுக்கிட்டு அங்கிட்டு நடையக் கட்டுது. நாயிக்குத் திமிருன்னு நாலு நாளு அதத் திட்டிக்கிட்டு இருந்தேன், அஞ்சாவது நாளுதான் உரைச்சுது, நாமதான் அதப் போ போன்னு சொல்லிக்கிட்டு இருக்கோம்னு.

அப்புறம் அப்பத்தாதான் தீத்து வச்சாக. வெத்தலை இடிச்சுக்கிட்டே, "தோ தோன்னா எந்த நாயும் திரும்பும், மணின்னா இந்த நாயி திரும்பும், ரெண்டையும் சேத்து தோணின்னு வையிடா"ன்னாக. யோசிச்சுப் பாத்தா இதவிட நல்ல பேரு கிடையாது. முன்னாடி பாதி எந்த ஊரு நாய்க்கும் தெரிஞ்ச சத்தம், பின்னாடி பாதி அதோட பழைய பேரோட வாலு. கடைசி "ணி"ய காத்துல எம்புட்டு தூரம் வேணும்னாலும் இழுக்கலாம், தோணீஈஈன்னு. கடலு ஊருக்குப் பொருத்தமாவும் இருக்கு, எங்க கரைல இப்ப வள்ளம், வத்தை, போட்டுன்னுதான் சொல்றாக, தோணின்னு யாரும் சொல்றதில்ல, அதனால குழப்பமும் இல்ல. உங்க நாயோட பழைய பேரு அதுக்குப் பிடிச்ச பேரா இருந்தா நீங்களும் இப்படி ஒரு பாதிய விட்டு வைங்க, டாமிய ஜாமி ஆக்கலாம், ராஜாவ ரோஜா ஆக்கலாம், கடுவனா இருந்தாலும் அது கோச்சுக்காது.

ஆனா பழைய பேரு அடிவாங்குன பேரா இருந்தா இந்த வேலையே ஆகாது. எப்படித் தெரியும்னா, அந்தப் பேரைச் சொன்னதும் வாலு காலுக்குள்ள போகும், காது பின்னாடி ஒட்டும், சில நாயி நின்ன இடத்துலயே ஒண்ணுக்கு விட்டுரும். அப்படி இருந்தா கொஞ்சம்கூட ஒட்டாத வேற சத்தமா வைங்க, பழைய பேரை அதுக்கப்புறம் யாரும் அந்த வீட்டுல உச்சரிக்கவே கூடாது.

இப்ப பழக்குற வேலைக்கு வருவோம். தீனி வேணும், நகக்கண்ணு அளவுக்குத் துண்டு துண்டா, நிறைய. எங்க ஊருல மீனை விட நல்ல லஞ்சம் கிடையாது, உப்பு மொளகா போடாம அவிச்சு முள்ளெல்லாம் எடுத்துட்டுப் பிச்சு வச்சுக்கோங்க. கருவாடு வேணாம், நாயி உசுரக் குடுத்துத் திங்கும்தான் ஆனா அதுல இருக்குற உப்புக்கு அது தாங்காது. குழம்புல கிடந்த மீனும் வேணாம், வெங்காயம் பூண்டு நாய்க்கு ஆகாது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு தடைக்காலத்துல விசைப்படகு போகாது, மீனு விலை மேல ஏறிடும், அப்ப அவிச்ச முட்டையே போதும். டீக்கடை பொறை அவசரத்துக்கு ஒண்ணு ரெண்டு துண்டு குடுக்கலாம், பழக்கமாக்க வேணாம்.

சோறு வைக்கிறதுக்கு முன்னாடி, பசி இருக்கும்போது, வீட்டுக்குள்ள அமைதியா இருக்குற நேரமாப் பாத்து பக்கத்துல உக்காருங்க. சாதாரணக் குரல்ல ஒரு தடவை "தோணி". சொன்ன கையோட வாய்ல ஒரு துண்டு. அது உங்களப் பாத்துச்சா இல்லையான்னு இப்ப கணக்கு இல்ல, சத்தம், மீனு, சத்தம், மீனு, ஒரு பத்து தடவை. அம்புட்டுதான், எந்திரிச்சுப் போயிடுங்க. மத்தியானம் ஒரு பத்து, பொழுதடைய ஒரு பத்து. அடுத்த நாளோ அதுக்கு அடுத்த நாளோ, அது வேற எங்கயாச்சும் பாத்துக்கிட்டு இருக்கும்போது சொல்லிப் பாருங்க. எங்க நாயி அன்னைக்கு மாட்டுக்கொட்டாய் ஓரத்துல ஓணானை மொறச்சுக்கிட்டு நின்னுச்சு, நான் தோணின்னேன், உடம்பு அசையல, கண்ணு ஓணான்லயேதான் இருக்கு, ஆனா இடது காது மட்டும் மெதுவா என் பக்கம் திரும்புச்சு, பின்னாடியே தலை வந்துச்சு. தலை திரும்புன அந்த நொடியே "சபாஷ்"ன்னுட்டு மீனைக் குடுத்துரணும், ஒண்ணு ரெண்டு செகண்டுக்குள்ள, லேட்டாக் குடுத்தா எதுக்குக் குடுத்தீங்கன்னு அதுக்குத் தெரியாது. இனிமே பாத்தா மட்டும்தான் மீனு.

ஒரே தடவை சொல்லணும், இது முக்கியம். தோணி தோணி தோணி தோணின்னு பஸ் ஸ்டாண்டுல ஊரு பேரு கூவுற மாதிரி கூவுனா, நாலாவது தடவைக்குத் திரும்புனாப் போதும்னு அது கத்துக்கும். திரும்பலையா, பேசாம பக்கத்துல போய் மறுபடி சுலபமா ஆரம்பிங்க. கத்தவும் வேணாம், அதுக்குக் காது நல்லாத்தான் இருக்கு, கவனம்தான் வேற எங்கயோ.

பழைய பேரைப் பாலமா வச்சுக்கலாம், ஆனா எதை முன்னாடி சொல்றதுங்கிறதுல பாதிப் பேரு தலைகீழாப் பண்றாங்க. "மணி... தோணி"ன்னு சொல்லக்கூடாது. "தோணி", ஒரு மூச்சு விட்டு, "மணி", திரும்புனதும் மீனு. ஏன்னா ரயில்வே கேட்டுல மணி அடிச்ச பிறகு ரயிலு வந்தாத்தான் மணி அடிச்சா ரயிலு வருதுன்னு நமக்குத் தெரியும், ரயிலு போன பின்னாடி அடிச்சா அந்த மணிய யாரு கவனிப்பா? மணின்ன உடனே நாயி திரும்பிடுச்சுன்னா அதுக்கப்புறம் சொல்ற தோணி வெறும் காத்து. புதுசு முன்னாடி வந்தா ரெண்டு மூணு நாள்ல, அடுத்து அந்தச் சத்தம்தான் வரப்போகுதுன்னு அது புதுசுக்கே திரும்ப ஆரம்பிக்கும், அப்ப பழசை மெல்ல முழுங்கிக்கிட்டே வந்து நிறுத்திடலாம். எங்களுக்கு ஆறாவது நாளு மணி தேவைப்படல.

இனி மனுஷங்க. வீட்டுல எல்லாரையும் உக்கார வச்சுச் சொல்லணும், ஒரே பேரு, ஒரே மாதிரி. அம்மா தோணின்னு கூப்பிட்டு, தங்கச்சி தோணிக்குட்டின்னு கூப்பிட்டு, அப்பா டேய்னு கூப்பிட்டா நாயி என்ன பண்ணும். செல்லம், தங்கம், பட்டுக்குஞ்சு எல்லாம் பேரு நல்லாப் பதிஞ்ச பிறகு ஆயிரம் சொல்லிக்கோங்க. நாங்க ஒரு உண்டியல் வச்சோம், மணின்னு சொன்னா ஒரு ரூபா. ஒரு வாரத்துல அதிகமாப் போட்டது யாருன்னா பேரு வச்ச அப்பத்தாதான், வெத்தலைக் காசு பூரா அதுலயே போச்சு, "வாய் பழகிருச்சுடா, நாக்க என்ன பண்ணச் சொல்ற"ன்னு எம்மேலயே கோவம். தெருப் பிள்ளைங்களுக்கும் சொல்லி வைங்க, அவங்க ஒரே நாள்ல புடிச்சுப்பாங்க, பெரியவங்கதான் இழுப்பாங்க.

பேரைச் சொல்லித் திட்டாதீங்க. சட்டிய நக்குனா "ஏய்"னு சொல்லுங்க, "ச்சூ"ன்னு சொல்லுங்க, பேரு மட்டும் அதுல வரக்கூடாது. புடிக்காத வேலைக்கும் பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது, குளிப்பாட்டுறது, மருந்து, கட்டிப்போடுறது இதுக்கெல்லாம் நீங்களே போய் கூட்டிட்டு வாங்க. நான் என்ன பண்ணுனேன், பத்தாவது நாளு உண்ணிக்கு மருந்து போட்டுக் குளிப்பாட்டணும்னு வாய்க்கு இனிப்பா "தோணீ"ன்னு கூப்பிட்டு, வாலை ஆட்டிக்கிட்டு வந்தத அப்படியே புடிச்சுத் தொட்டிப் பக்கம் இழுத்துட்டுப் போனேன். அதுக்கப்புறம் ரெண்டு நாளு அந்தப் பேரைச் சொன்னா கட்டிலுக்கு அடில இருந்து கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. திரும்பவும் மொதல்ல இருந்து சத்தம், மீனு, சத்தம், மீனு. ஒரு கிலோ நகரை மீனு போச்சு.

வீட்டுக்குள்ள சரியா வந்துச்சுன்னா கொல்லை, அப்புறம் தெரு, அப்புறம்தான் கடக்கரை, எடுத்த எடுப்புல கரைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க, அங்க வலை வாசம், நண்டு, காக்கா, மத்த நாய்ங்கன்னு அதுக்கு ஆயிரம் சோலி. பழைய நைலான் கயிறு ஒரு முப்பதடிக்குக் கழுத்துப் பட்டைல கட்டி இழுவ விட்டுட்டுப் பழக்குங்க, தூண்டி நரம்பு வேணவே வேணாம், கால்ல சுத்துனா அறுத்துரும். வெள்ளனவே போயிட்டு வந்துருங்க, பத்து மணிக்கு மேல மணல்ல செருப்பில்லாம நீங்க நின்னு பாருங்க தெரியும். காத்து இருக்குற நாளு நாயி காத்துக்குக் கீழ்ப்பக்கமா இருக்குற மாதிரி நில்லுங்க, உங்க சத்தத்தைக் காத்தே கொண்டு போய்க் குடுத்துரும்.

கரைல ஏன் இம்புட்டு மெனக்கெடுறேன்னா பேத்தை மீனுக்காக. வலைல மாட்டுனத உதறும்போது பேத்தைய அப்படியே மணல்ல வீசிட்டுப் போயிடுவாக, வயிறு உப்பிக்கிட்டு பந்து மாதிரி கிடக்கும், விளையாட்டுச் சாமான்னு நாயி வாய வைக்கும். அதோட ஈரல், சினை, தோலுல எல்லாம் விஷம், காஞ்சாலும் போகாது, வேக வச்சாலும் போகாது, மாத்து மருந்தும் கிடையாது, ஒவ்வொண்ணா மரத்துப்போய் கடைசில மூச்சு நிக்கும். ஒரு நாளு காலைல நாங்க போகும்போது கயிறு கையில இல்ல, வலை உதறுன இடத்துல தோணி மோந்துக்கிட்டே போகுது, அதுக்கு ரெண்டு எட்டு முன்னாடி வெள்ளை வயித்தோட ஒண்ணு கிடக்கு. எனக்குக் கத்தணும்னுதான் வந்துச்சு, கத்துனா பயந்து கவ்விக்கிட்டு ஓடிரும்னு அடக்கிக்கிட்டு தினம் அடுப்படில சொல்ற அதே குரல்ல "தோணி"ன்னேன். காது திரும்புச்சு. தலை திரும்புச்சு. ஓடி வந்து முன்னாடி உக்காந்து என் பாக்கெட்டைப் பாத்துச்சு. அன்னைக்குப் பாக்கெட்டுல இருந்த முட்டை பூராவும் அதுக்குத்தான். உங்க நாயி என்னைக்காச்சும் அத வாய்ல வச்சுட்டா வீட்டு வைத்தியம் பாக்காம வெரசா டாக்டர்ட்ட தூக்கிட்டு ஓடுங்க.

எம்புட்டு நாளாகும்னா, குட்டின்னா ரெண்டு மூணு நாளு, எங்கள மாதிரி வளர்ந்ததுக்கு ஒரு வாரம் பத்து நாளு, வெளில கரைல எல்லாம் நம்பிக்கையா வர்றதுக்கு ஒண்ணு ரெண்டு மாசம். கிழட்டு நாயி எதுக்குமே திரும்பலேன்னா பிடிவாதம்னு நினைக்காதீங்க, அது பாக்காதப்ப பின்னாடி இருந்து தட்டை தட்டிப் பாருங்க, அதுக்கும் அசையலேன்னா காது போயிருக்கும், இல்ல காதுல சீழ் இருக்கும், டாக்டர்ட்ட காட்டுங்க. காதே கேக்காத நாய்க்குக் கைச்சாடையையே பேரா வச்சுக்கலாம், கைய ஆட்டுனா மீனு, அதே முறைதான். வீட்டுல ரெண்டு நாயி இருந்தா ஒண்ண உள்ள விட்டுட்டு ஒண்ணுக்கு மட்டும் பழக்குங்க, இல்லன்னா எந்தப் பேரைச் சொன்னாலும் ரெண்டும் வந்து நிக்கும்.

வெறிநாய்க்கடி ஊசி போட்ட அட்டைல பழைய பேருதான் இருக்கும், அடுத்த ஊசிக்குப் போகும்போது புதுப் பேரை எழுதச் சொல்லிட்டு பழைய பேரையும் பக்கத்துலயே விட்டு வைங்க, போன வருஷ ஊசி இதே நாய்க்குத்தான் போட்டதுன்னு தெரியணும்ல. கழுத்துப் பட்டைல பேரை விட உங்க போன் நம்பரு முக்கியம்.

பழைய பேரு சுத்தமா மறந்துருமான்னா, மறக்காது, மறக்கவும் வேண்டியதில்ல. போன ஞாயித்துக்கிழமை மச்சான் வீடியோ கால்ல வந்தாப்ல, புதுப் பேரு வச்சிருக்கோம்னு நான் சொல்றதுக்குள்ள ஸ்பீக்கர்ல "மணீ... டேய் மணீ"ன்னு ஒரே கத்து. தோணி படக்குன்னு எந்திரிச்சு, போனை மோந்து, போனுக்குப் பின்னாடி போய்த் தேடி, கட்டிலுக்கு அடில தேடி, திரும்ப வந்து என்னையப் பாக்குது. அந்நேரம் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து பெரியப்பா குரலு, "யாருப்பா, இந்தா வர்றேன்."